நத்தைச் சேமியா

தர்மாம்பாள் புருஷனோடு பேச்சை நிறுத்தியது பங்குனிக் கடைசியில். இப்போது வைகாசி பிறந்துவிட்டது. பேசவில்லை என்றதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நன்றாகத்தான் இருந்தாள். பால் கறக்க வருகிறவரிடம் பேசினாள், பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் பேசினாள், துபாயில் வேலை பார்க்கும் மகன் நீலமேகத்தோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். துரைராசு ஒருவருக்குத்தான் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சோறு உண்டு, குழம்பு உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு, துவைத்து மடித்த வேட்டி உண்டு. பேச்சு மட்டும் கிடையாது.

சாப்பாட்டு நேரம் வந்தால் தட்டை வைத்துவிட்டுக் கொட்டகையில் நிற்கும் பசுவைப் பார்த்துச் சொல்வாள்: "சோறு ஆறுது, சாப்புடுறவங்க வந்து சாப்புடலாம்." பசு என்ன செய்யும், பாவம், காதை ஆட்டும். துரைராசு வந்து உட்காருவார். ஒருநாள் அவரும் துணிந்து, "குழம்புல புளி கொஞ்சம் தூக்கல்" என்று பசுவிடமே சொல்லிப் பார்த்தார். மறுநாள் புளி சரியாக இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் துரைராசுவுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஊரெல்லாம் தெரிந்த மனுஷன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரே, உண்மையில் அவர் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆளோடுதான். மடையில் பாம்பைப் பார்த்தால் அவளிடம் சொல்ல வேண்டும். டீக்கடையில் எவனாவது ஏதாவது உளறினால் அதை அவளிடம் வந்து சொல்லி, அவள் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சிரித்தால்தான் அந்தச் சேதி முடிந்த மாதிரி இருக்கும். இப்போது சேதியெல்லாம் வயிற்றுக்குள் சேர்ந்து கிடந்து உப்புசம் கொடுத்தது. அவருக்கு அழுகை வராத குறை.

ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். இவர்கள் ஊரான கொண்டல்மேடு திருப்பனந்தாளுக்குத் தெற்கே மண்ணியாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். அந்த ஊர் வயல்கள் வழியாகக் குழாய் பதிக்க ஒரு எண்ணெய்க் கம்பெனி வந்தது. ஊர் வேண்டாம் என்றது. குழாய் உடைந்தால் வயல் என்ன ஆகும், கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டது. கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல ஆள் வரவில்லை, அளவுக்கல்தான் வந்தது. உடனே பெண்கள் ஆற்றங்கரை அரசமரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் பஞ்சாயத்து மெம்பராக இருந்த நாகரத்தினம்தான் அவர்களுக்குத் தலைவி. அவள் மைக் பிடித்தால் மைக்குக்கு வேலை இல்லை, அப்படி ஒரு குரல். தர்மாம்பாள் காலையில் சமையலை முடித்துவிட்டுப் பந்தலுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

துரைராசு பந்தலுக்கு விரோதி இல்லை. அவரும் குழாய் வேண்டாம் என்கிற கட்சிதான். ஆனால் அவருக்கு ஒரு பழைய வியாதி உண்டு. யாராவது வந்து "ஐயா" என்று கூப்பிட்டு, கும்பிட்டு, நாற்காலி நுனியில் பணிவாக உட்கார்ந்து பேசினால், முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்த வியாதியால்தான் அந்த வீட்டில் யாரும் தைக்காத தையல் மிஷின் ஒன்று இருந்தது. அந்த வியாதியால்தான் இரண்டு கட்சியிலும் அவருக்கு உறுப்பினர் அட்டை இருந்தது. இரண்டு பேருமே ஐயா என்றுதானே கூப்பிட்டார்கள், ஒருத்தன் மனசைக் கோணவைத்து இன்னொருத்தனுக்குப் போடுவது எப்படி?

பங்குனியில் ஒரு மத்தியானம், தர்மாம்பாள் பந்தலில் இருந்த நேரம், கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "ஐயா" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்து, "என்ன ருசிங்க ஐயா உங்க ஊர்த் தண்ணி" என்றார். இதற்குமேல் துரைராசு எப்படித் தாங்குவார்? "குழாய் ஆழத்துல போயிடுங்க ஐயா. மேல நீங்க பாட்டுக்கு நடவு நட்டுக்கலாம். ஐயா மாதிரிப் பெரியவங்க சம்மதிச்சாத்தான் மத்தவங்களும் வருவாங்க" என்றார். துரைராசு கையெழுத்துப் போட்டுவிட்டார். அதிகாரி தெருவைத் தாண்டுவதற்குள் தர்மாம்பாள் ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ராத்திரி, காலையில் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் பந்தலில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நாகரத்தினம், "ஏண்டி தர்மு, நீ இங்க தொண்டை கிழியக் கத்துற. உங்க வீட்டுக்காரரு அங்க கையெழுத்தே போட்டுட்டாராமே, தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

தர்மாம்பாள் வீட்டுக்கு வந்தாள், கால் கழுவினாள், விளக்கு ஏற்றினாள். துரைராசு முந்திக்கொண்டு, குழாய் ஆழத்தில் போகிறது, மேலே நடவுக்கு ஒன்றும் ஆகாது, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு எப்படியும் எடுத்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று அதிகாரி சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், துரைராசு உரக்கடைக்குப் போய்விட்டுத் தன் டி.வி.எஸ். வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். டீக்கடைச் சிங்காரவேலு நடுரோட்டுக்கே வந்து மறித்தார்.

"அண்ணே, எங்கண்ணே போயிட்டீங்க? பொக்லைன் வந்துடுச்சு. நேரா ஒங்க வயலுக்கு."

"என் வயலுக்கா?"

"சம்மதம் குடுத்த வயலாச்சே, அங்கேருந்துதானே தொடங்குவான்? பொம்பளைங்க அத்தனை பேரும் ஓடுனாங்க. அண்ணி போயி பொக்லைன் வாய்க்கு நேரா வரப்புல காலை நீட்டி உக்காந்துட்டாங்க. நகரவே இல்ல. போலீஸு வந்து எல்லாரையும் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டான். ரோட்டோரக் கல்யாண மண்டபத்துல வச்சிருக்காங்களாம். சாயங்காலம் விட்டுடுவாங்க."

நம் பக்கத்தில் இதுதானே வழக்கம். மறியல் பண்ணுகிறவர்களைக் காலையில் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், மத்தியானம் பொட்டலம் கொடுப்பார்கள், சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்துக்கு அந்த ஒரு வேலைதான்.

"சாப்புட்டாங்களாமா?" என்று கேட்டார் துரைராசு.

"எங்கண்ணே. பொட்டலத்தை ஒருத்தரும் தொடலியாம். ஒங்க சோறு எங்களுக்கு வேணாம்னு அண்ணிதான் மொதல்ல சொன்னாங்களாம்."

துரைராசு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனசுக்குள் இரண்டு விதமாக இருந்தது. பொக்லைன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தவள் தன் பெண்டாட்டி என்று நினைக்கப் பெருமையாக இருந்தது. அவளை அங்கே உட்கார வைத்தது தன் கையெழுத்து என்று நினைக்க வெட்கமாக இருந்தது. கடைசியில் இரண்டையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு யோசனை மேலே வந்தது. காலையிலிருந்து அவள் பட்டினி. சாயங்காலம் வந்து அவளே அடுப்பு மூட்ட வேண்டும். அது கூடாது. இன்றைக்கு நாம் சமைக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும், திறந்த வாயில் ஒரு வார்த்தை தவறி விழாதா?

ஆனால் என்ன சமைப்பது? சோறு வடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நீலமேகம் பிறந்து அவள் தாய்வீட்டில் இருந்தபோது துரைராசு ஒரு தடவை உலை வைத்திருக்கிறார். மேலே களி, நடுவே அரிசி, அடியில் கரி. அந்தக் கதையை அவள் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. பேச்சு நின்றதில் அந்தக் கதை நின்றதுதான் ஒரே லாபம். மறுபடி சோறு வடித்து அவள் கையில் இன்னொரு கதையைக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

அப்போதுதான் பரணில் இருந்த பாஸ்தா ஞாபகம் வந்தது. போன வருஷம் லீவில் வந்தபோது நீலமேகம் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஒருநாள் அவனே சமைத்தும் போட்டான். வயலில் கிடக்கும் நத்தைக்கூடு மாதிரி சின்னச் சின்னதாகச் சுருண்டிருந்ததால் தர்மாம்பாள் அதற்கு நத்தைச் சேமியா என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்துக் கேலி பண்ணினாளே தவிர, இரண்டாம் தடவை தட்டை நீட்டிப் போட்டுக்கொண்டாள். அதைத் துரைராசு பார்த்திருந்தார். அவளுக்குப் பிடித்ததும் ஆயிற்று. இன்னொரு வசதியும் உண்டு. அது எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. குற்றம் சொல்ல ஆளே இல்லாத சமையல்! துரைராசு ஏணி போட்டு ஏறிப் பொட்டலத்தை இறக்கினார்.

பொட்டலத்தின் பின்பக்கம் பொடிப்பொடியாகச் செய்முறை எழுதியிருந்தது. பாதி இங்கிலீஷ், பாதி அரபி. மகனுக்குப் போன் போடலாமா என்று யோசித்தார். அவன் டூட்டியில் இருப்பான். தவிர, அவனுக்குத் தெரிந்தால் அது அடுத்த நிமிஷம் அவன் அம்மாவுக்குத் தெரியும். என்ன பெரிய விஷயம், கோதுமையில் செய்ததுதானே, காய்ந்த பண்டம்தானே, அரிசி மாதிரித்தானே என்று தைரியம் சொல்லிக்கொண்டார். அரிசியைச் சமைக்கத் தெரியாதவர் அரிசி மாதிரி என்று தைரியம் கொண்டதை நாம் என்ன சொல்வது.

முதலில் அதைப் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு தரம் களைந்தார். களைந்த தண்ணீரை மாட்டுக்கு வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று வேறு தண்ணீர் ஊற்றி வைத்தார். சில சுருள்கள் மேலே மிதந்தன. விதை நெல்லைத் தண்ணீரில் போட்டால் மேலே மிதப்பது பதர், அதை அள்ளிப் போட்டுவிட்டு அடியில் தங்குவதைத்தான் விதைப்பது என்பது அவர் கையில் ஊறின பழக்கம். கை தானாகப் போயிற்று. மிதந்ததையெல்லாம் வழித்துக் கொல்லையில் கோழிக்கு எறிந்தார். அப்படி எறிந்தது ஒரு கைப்பிடிக்குக் குறையாது.

அடுப்பைப் பற்றவைத்தார். அது ஒரு ஆட்சியில் இலவசமாகக் கொடுத்த கேஸ் அடுப்பு. பக்கத்தில் இருந்த மிக்ஸி இன்னொரு ஆட்சியில் கொடுத்தது. ஒட்டியிருந்த படங்களைத் தர்மாம்பாள் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தாள். தேர்தல் வந்தால் தெருவில் மண்டையை உடைத்துக்கொள்கிற இரண்டும் அவள் மேடையில் அக்கம்பக்கமாகச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. உலை கொதித்ததும் ஊறினதை வடித்துப் போட்டார். கரண்டியால் கிளறினார். கிளறிக்கொண்டே இருக்கும்போது மறுபடியும் மேலே சுருள்கள் மிதக்க ஆரம்பித்தன. அடடா, இன்னும் பதர் போகவில்லையே என்று கரண்டியால் வழித்தார். வழிக்க வழிக்க இன்னும் மேலே வந்தது. கடைசியில் பார்த்தால் பானையில் இருந்த அத்தனையும் மேலே வந்து நின்றது. மொத்தப் பொட்டலமும் பதரா, மகனை எவனோ கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று திகைத்துப்போய் நின்றார் மனுஷன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தாள். பிள்ளை பெற்று ஆறு மாசம்கூட ஆகவில்லை, அதனால் அவள் பந்தலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"என்ன மாமா, அடுப்பங்கரையில சத்தம் கேக்குதேன்னு பார்த்தா நீங்களா நிக்கிறீங்க? அத்தை இல்லாத நேரத்துல விருந்தா?"

"பேசாம இரு. இதைப் பாரு, எல்லாம் மெதக்குது. பதர் போலிருக்கு."

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். கோழிகள் கொல்லையில் கொத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். விஷயம் விளங்கிச் சிரித்ததில் இடுப்பிலிருந்த குழந்தையே பயந்து அவள் முகத்தைப் பார்த்தது. "மாமா, வெந்தா அது மெதக்கத்தான் செய்யும். டி.வி.யில பார்த்திருக்கேன். நல்லவேளை நான் வந்தேன், இல்லாட்டி மொத்தத்தையும் கோழிக்குப் போட்டுருப்பீங்க." ஒரு சுருளை எடுத்து ஊதி வாயில் போட்டாள். "வெந்துடுச்சு. ஆனா உப்பே இல்லையே."

"சோத்துக்கு யாரு உப்புப் போடுவா? குழம்புலதானே உப்பு இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றாள் செவ்வந்தி. அவளும் அந்த ஊர்ப் பெண்தானே.

வடிக்கத் தட்டை வைத்து மூடி, துணி சுற்றிச் சாய்த்தார். கால்வாசி தொட்டிக்குள் வழுக்கி விழுந்தாலும் மீதி நின்றது. தனித்தனியாகப் பொலபொலவென்று இல்லை, கொஞ்சம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நின்றது. ஆனால் கரி இல்லை, களியும் இல்லை. வடித்த கஞ்சியை வீணாக்க மனசு வரவில்லை, அதுவும் பசுவுக்குப் போயிற்று. பிறகு செவ்வந்தி சொல்லச் சொல்லச் சின்ன வெங்காயம் உரித்து, பூண்டு தட்டி, தக்காளியை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, நல்லெண்ணெயில் தாளித்துச் சுண்ட வைத்தார். உப்பு போட்டார், காரப்பொடி போட்டார். தொக்கு வாசம் தெருவரைக்கும் போயிற்று. அதைப் பாஸ்தாவோடு கலக்கவில்லை. சோற்றையும் குழம்பையும் யாராவது முன்கூட்டியே பிசைந்து வைப்பார்களா? அது ஒரு சட்டியிலும் இது ஒரு சட்டியிலுமாக மூடி வைத்தார். ஒரு வாய்கூடத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. அவளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவது என்று இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. குளித்து, வேட்டி மாற்றி, வாசலில் வந்து நின்றார்.

வெயில் சாய்ந்ததும் வேன் வந்தது. பெண்கள் கோஷம் போட்டுக்கொண்டே இறங்கினார்கள். துரைராசு ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். தர்மாம்பாள் இல்லை. நாகரத்தினமும் இல்லை.

சிங்காரவேலு விசாரித்துவிட்டு வந்து சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணியை மட்டும் விடலியாம்ணே. மத்தவங்கல்லாம் ரோட்டுல நின்னாங்க, அது மறியல், வழக்கம்போல விட்டாச்சு. அண்ணி வயலுக்குள்ள உக்காந்தாங்கள்ல. சம்மதம் குடுத்த எடம், அதுல வேலையைத் தடுத்தா அது தனிக் கேசுங்கிறாங்க. ரிமாண்டு வரைக்கும் போகும்போல. நாகரத்தினம் அவளை விட்டுட்டு வரமாட்டேன்னு கூடவே உக்காந்திருக்கு."

சொந்த வயலில் உட்கார்ந்ததற்குக் கேஸ்! துரைராசு கொடுத்த சம்மதத்தைக் காட்டித்தான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் போய் அவர்தான் உடைக்க வேண்டும். வேறு யாரும் போனால் நடக்காது. சாவியை எடுக்க வீட்டுக்குள் ஓடினார். சாவியோடு திரும்பும்போது அடுப்பங்கரையைப் பார்த்தார். எத்தனை நேரம் ஆகுமோ தெரியாது. வைகாசிப் புழுக்கம், மூடி வைத்தால் ஊசிப்போகும். நேரம் கழித்து வருகிறவர்களுக்கு அந்த ஊரில் எந்த வீட்டிலும் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் பாஸ்தா முங்கும்படி ஊற்றினார், தட்டைப் போட்டு மூடினார், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்தில் ஏதோ கல்யாணத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசை நாற்காலிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பிரிக்காத பொட்டலங்கள். துரைராசுவைப் பார்த்ததும் நாகரத்தினம், "தர்மு, மண்டபத்துக்கு மாப்பிள்ளை வந்துட்டாருடி" என்றாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ்கூடச் சிரித்தாள். தர்மாம்பாள் சிரிக்கவில்லை, ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மேஜையருகே அதே கம்பெனி அதிகாரி இருந்தார். எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா, வாங்க ஐயா. நல்லவேளை நீங்களே வந்தீங்க. அம்மாவுக்கு நெலவரம் தெரியல. இனிமே வேலையைத் தடுக்க மாட்டாங்கன்னு ஐயா ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம். ஐயா சொன்னாக் கேப்பாங்க."

நாலு ஐயா. சரி என்ற சொல் பழக்கத்தில் துரைராசுவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சரி என்றால் அவளை இப்போதே அழைத்துப் போகலாம். ஆனால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் ஆயுசுக்கும் பேச மாட்டாள். அது அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் பசு வழியாகவே காலம் தள்ளுவது? அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"முடியாதுங்க."

"ஐயா?"

"நான் குடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கிறேன். எழுதிக் கேட்டா எழுதித் தர்றேன். எங்க வயல்ல குழாய் வேண்டாம். சம்மதமே இல்லாத வயல்ல எங்க வீட்டம்மா உக்காந்ததுக்குக் கேஸு போட முடியாதில்லீங்களா?" என்றார். சொல்லி முடித்தபோது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். வியாதி அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், உள்ளே வந்தார், மறுபடி வெளியே போனார். இன்ஸ்பெக்டருக்கும் இந்த இழுபறி அலுத்திருந்தது. சம்மதம் இல்லை என்று நிலத்துக்காரரே எழுதிக் கொடுத்தபின் கேசுக்கு முகாந்திரம் இல்லை என்று பெண்களைப் போகச் சொல்லிவிட்டார். குழாய் விவகாரம் அதோடு தீர்ந்தது என்று யாரும் நினைக்கவில்லை. அது இன்னும் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று போகப்போகிற விவகாரம். அன்றைக்கு மட்டும் முடிந்தது. நாகரத்தினம் வாசலுக்கு வந்ததும், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் என் வீட்டுல மீன் குழம்பு சாப்பிட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மினி பஸ் ஏறிப் போனாள்.

தர்மாம்பாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். துரைராசு காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். இப்போது பேசுவாள், பாலம் தாண்டியதும் பேசுவாள், நம் வயல் வந்ததும் பேசுவாள். வயல் வந்தது. பொக்லைன் போன தடம் தெரிந்தது. அவள் பேசவில்லை. துரைராசுவுக்கு மனசு விட்டுப்போயிற்று. சம்மதத்தையே திருப்பி வாங்கியாயிற்று, ஒரு அதிகாரி முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியாயிற்று. இன்னும் என்னதான் வேண்டும் இவளுக்கு? கோபம் குழாய் மேலே என்றால் இப்போது குழாய் இல்லையே.

வீட்டுக்குள் போனதும் அவள் நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். பசி. அரிசி அளக்கப் போனவள், மேடையில் மூடியிருந்த சட்டிகளைப் பார்த்து நின்றாள். துரைராசு வாசற்படியில் நின்றுகொண்டார். தொக்குச் சட்டியைத் திறந்து முகர்ந்தாள், ஒரு விரல் தொட்டு நக்கினாள், முகம் கொஞ்சம் மாறியது. அடுத்த சட்டியைத் திறந்தாள். தண்ணீருக்குள் நத்தைச் சேமியா ஊதிப்போய், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்கு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

அவள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். அது இரண்டு விரலுக்கு நடுவில் நசுங்கிற்று. துரைராசுவுக்கு, சோற்றைவிட இது பெரிய கதையாகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. நீலமேகம் கல்யாணத்தில்கூட இதைச் சொல்லுவாள். சொல்லட்டும், சொன்னால் போதும் என்று இருந்தது அவருக்கு.

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தார். சிரிக்கவும்தான் செய்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பசுவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்குத் தண்ணி ஊத்தலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"நீதான் பேசமாட்டியே."

"நான் பேசலைன்னா நீங்க கேக்க மாட்டீங்களா? கேக்கத்தானே இருக்கேன் இந்த வீட்டுல?"

ஆழத்தில் போகிற குழாயைப் பற்றித் துரைராசு அத்தனை நாள் யோசித்து வைத்திருந்த நியாயமெல்லாம் அந்தச் சட்டித் தண்ணீரில் கரைந்துபோயிற்று. அவளுக்குக் கோபம் குழாய் மேலேயே இல்லை. குழாயைப் பந்தலில் உட்கார்ந்து அவளே பார்த்துக்கொள்வாள். தன் வீட்டுச் சேதி தன் காதுக்கு நாகரத்தினம் வாயிலிருந்து வந்ததே, அதுதான். இது புரிய அவருக்குச் சித்திரை முழுக்கவும் ஒரு பொட்டலம் பாஸ்தாவும் தேவைப்பட்டிருக்கிறது.

"கேட்டிருக்கணும்" என்றார். "தப்புதான் தர்மு."

அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். தண்ணீரை வடித்துவிட்டுப் பாஸ்தாவைப் பாதிப் பாதியாகப் பிரித்தாள், பக்கத்தில் தொக்கு வைத்தாள், நாலு சின்ன வெங்காயம் உரித்துப் போட்டாள். இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டு மென்றாள். பசியில் தேவாமிர்தம் என்று சொல்ல மாட்டேன், அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் தொக்கு நன்றாக இருந்தது, அதை அவளே ஒப்புக்கொண்டாள். காலையில் வயலில் நடந்ததை வரிவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். பொக்லைன் டிரைவர் பேராவூரணிப் பையனாம், இறங்கி வந்து, அம்மா வெயில்ல உக்காராதீங்க என்று தன் குடையைக் கொடுத்தானாம். துரைராசு கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது.

பழையதுக்கு ஊற்றுகிற மோர் பக்கத்துச் செம்பில் இருந்தது. துரைராசுவின் கை வழக்கம்போல அதை எடுத்து அவள் தட்டுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. ஊற்றப் போனவர், சட்டென்று செம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"மோர் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

தர்மாம்பாள் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.